காசுக்கு அடியில் கம்பளி

சொல்லிவிடலாம், சொன்னால் என்ன, தலையா போய்விடும் என்று நினைத்தாள் குங்குமவல்லி, நினைத்துக்கொண்டே காகிதத்தின் இடது ஓரத்தை மடித்து நகத்தால் நீவினாள், வலது ஓரம் மடிக்கும்போது கட்டாயம் சொல்லிவிடலாம். வலது ஓரம் மடிந்தது. அடிப்பக்கமும் மடிந்தது. ஒரு கவர் ஆயிற்று. அதை மற்றக் கவர்களோடு அடுக்கிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த கணவர் தாயுமானவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி மூக்குக்கு இறக்கி, மரத்தட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய வெள்ளிக் காசுகளைப் பார்த்தார். துக்க வீட்டில் நடுக்கூடத்தில் கிடத்தியிருப்பவரைப் பார்க்கிற பார்வை. காலையிலிருந்து இந்தப் பார்வைதான். ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததே, மழைக்கு மூடியே கிடந்த பீரோவைத் திறந்து காற்றாட வைக்கலாமே என்று தட்டை வெளியே எடுத்தவர், "வல்லி, இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ரூபாய்க் காசில் விக்டோரியா ராணி அடுக்களையில் புகுந்து வந்தவள் மாதிரி முகமெல்லாம் கரியாகக் கிடக்கிறாள். ஆற்காட்டு ரூபாய் கறுத்திருந்தது, திருவிதாங்கூர்ச் சக்கரக் காசுகள் மிளகு மாதிரி ஆகியிருந்தன. "என் கை பட்டுத்தான்," என்றார். "வேர்வைக் கை. விளிம்பைத்தான் புடிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டுப் புடிக்கிறேன், இப்பல்லாம் விரலு முன்ன மாதிரி…" அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்திவிட்டு, "கண்ணாடி பவர் மாத்தணும்," என்றார். இட்லியை விண்டு விண்டு தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து, அவரைப் போலவே காசு சேர்க்கிற சிநேகிதர் காஜா பாய்க்குப் போன் போட்டார். பாய் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன என்று வாட்ஸப்பில் பேசியே அனுப்பிவிட்டார்: காசெல்லாம் கெட்டுக்கிட்டு வருது பாய், இனிமே இது என்கிட்ட இருக்கக் கூடாது, சாயங்காலம் தொழுகை முடிச்சு வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் வெள்ளைத் துண்டை இரட்டையாக மடித்து விரித்து, பாய் கொண்டு போவதற்குத் தோதாக ஒவ்வொரு காசையும் காகிதக் கவரில் போட உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கவர் மடிக்கிற வேலை.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு இந்த சமஸ்தானத்தில் கிடைத்த ஒரே உத்தியோகம் கவர் மடிப்பதுதான். அதற்கும் ஆயிரம் சட்டம். பசை கூடாது, பசையில் இருக்கிற எதுவோ காசை அரிக்கும். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது, அது வெயிலுக்கு வியர்த்துச் செம்பைப் பச்சைப் பசேலென்று ஆக்கிவிடும். பேரை முதலில் எழுதிவிட்டுத்தான் காசை உள்ளே போடவேண்டும், போட்ட பிறகு எழுதினால் பேனாவின் அழுத்தம் காசின் மூக்கில் விழும். செருப்புக் கடைப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற, தின்னாதே என்று எழுதிய, ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி வந்து தட்டுகளுக்கு நடுவே வைப்பார், மழைக் காலத்தில் அந்தப் பொட்டலங்களைத் தோசைக்கல்லில் சூடு காட்டித் தரவேண்டியது அவள். எல்லாம் செய்யலாம், காசைத் தொட மட்டும் கூடாது. மஞ்சள் கை, வெங்காயக் கை, உப்புக் கை என்று அவள் கைக்கு அவர் வைத்த பேர்கள் ஒரு சகஸ்ரநாமம். வியாழக்கிழமை தோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து விபூதி போட்டுத் துடைத்து அந்தி வெயில் மாதிரி ஆக்கி வைக்கிற கை அது, அந்தக் காசுகளைப் பார்த்தாலே ஊறும், ஒரு தேய் தேய்த்தால் ராணி கல்யாணப் பெண்ணாக நிற்பாளே என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டாள், மனுஷர் பதறிப்போய்விட்டார். "தேச்சா மேல் தோலு போயிரும் வல்லி. நூறு வருஷம் ஆயி ஏறுன தோலு. காசு ஊமை, வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது." முகத்தைத் தொடக் கூடாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை மட்டும் பிடிக்கவேண்டும், கீழே துண்டு இருக்கவேண்டும், துண்டுக்கு மேலே ஒரு சாண் உயரம் தாண்டக் கூடாது. என் கழுத்தில் தாலி கட்டும்போது எந்த விளிம்பைப் பிடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை, ஏனென்றால் பாய் சொன்னது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது.

பாய் திருப்பிக் கூப்பிட்டது இவர் குளிக்கப் போயிருந்தபோது. அவள்தான் எடுத்தாள். சிங்காரத்தோப்புப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர், தாயுமானவனைவிடக் காசுப் பைத்தியம், ஆனால் தங்கமான குணம், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "தங்கச்சி, வாத்தியாருக்கு என்ன ஆச்சு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கறாரு. வெள்ளி கறுக்கிறதுக்கெல்லாமா மனசு விட்டுருவாங்க? கைவேர்வைல கறுத்தா ரேகை ரேகையா, திட்டுத்திட்டாக் கறுக்கும்மா, தட்டு மொத்தமும் ஒண்ணுபோலக் கறுக்காது. கிட்டத்துல என்னமோ இருக்கு. ரப்பர் பேண்டு, பெருங்காயம், கம்பளித் துணி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? ஆட்டு முடியில கந்தகம் இருக்கும். அது ஆகாது." கம்பளி என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் கையிலிருந்த போன் கனத்தது. "தெரியலையே பாய், பாக்கறேன்," என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பாய் சாயங்காலம் வருகிறேன் என்று வைத்துவிட்டார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது, அவள் போனை வைத்த இடத்திலேயே வைத்தாள், அடுப்பில் ரசம் பொங்கியது, இறக்கினாள், கொத்தமல்லி போட மறந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு அவள் கண்ணெதிரில்தான் இருக்கிறது, தட்டில் ஒவ்வொரு வட்டக் குழியிலும் ஒவ்வொரு காசுக்கும் அடியில், காப்பிக் கொட்டை நிறத்தில் வட்டம் வட்டமாக. அவருடைய மார்கழி மப்ளர். அவள் கையால் வெட்டி அவள் கையால் பரப்பியது.

ஏன் வெட்டினாள், அதைத்தானே சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தச் சத்தத்தைச் சொல்லவேண்டும். தை மாசம், பொங்கல் கழிந்து, கரும்புச் சக்கை கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலை. அவள் அடுக்களையில் இருந்தாள், கூடத்திலிருந்து கிலுகிலு என்று மெல்லிசாய் ஒரு சத்தம், எலி பாத்திரத்தை உருட்டுகிறதா, அடுத்த வீட்டுக் குழந்தை கொலுசோடு வந்துவிட்டதா, எட்டிப் பார்த்தாள். இவர்தான். பீரோவிலிருந்து தட்டை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தார், நாலு எட்டு நடை, அந்த நாலு எட்டுக்கும் காசுகள் குழிகளுக்குள்ளே துடித்துக்கொண்டு வந்தன. தட்டை மேசையில் வைத்ததும் நின்றது. அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, கீழ்ஸ்தாயியில் ஏதோ பாடிக்கொண்டே நாற்காலியை இழுத்தார். அவள் கரண்டியோடு அங்கேயே நின்றாள். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் கேட்கவேண்டும் என்றே நின்று கேட்டாள். இந்தக் கையா? பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவரையில் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போட்ட கையா? கொல்லையில் தண்ணீர்த் தொட்டி கட்ட வந்த கொத்தனார் ஆணியும் கயிறும் தேடிக்கொண்டிருக்கும்போது, இவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டார். கொத்தனார் நம்பாமல் கயிறு வைத்து அளந்து பார்த்து, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தத் தொட்டியில்தான் இன்றைக்கும் துணி அலசுகிறாள். ஒவ்வொரு நாளும் அந்த வட்டத்துக்குள் கை விட்டு எடுக்கிறாள். அந்தக் கை வலது கை, இப்போது எதிரே துண்டின்மேல் ஒரு சிறுபிள்ளைத்தனமான கவனத்தோடு ஆற்காட்டு ரூபாயை நோக்கிப் போகிறது, அவள் காகிதத்தைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள், பார்க்கக் கூடாது, பார்த்தால் இன்னும் ஆடும்.

அவருடைய அண்ணன் மாத்ருபூதத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. அண்ணனுக்கு மாத்ருபூதம், தம்பிக்குத் தாயுமானவன், மலைக்கோட்டைச் சாமியை மாமனார் இரண்டு பாஷையில் கூப்பிட்டு வைத்திருக்கிறார் என்று அவள் கேலி பண்ணுவாள். ஒரே சாமி பேர், ஒரே மூக்கு, ஒரே நடை, போகட்டும், கை நடுக்கத்தையுமா ஒன்றாகக் கொடுப்பான் ஆண்டவன். அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதை நிறுத்தினார், வயிறு சரியில்லை என்றார். பிறகு டீக்கடை, பிறகு கோயில், விபூதி வாங்கக் கை நீட்டவேண்டுமே. பிறகு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும், சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. டாக்டரிடம் கூட்டிப்போனபோது, இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் கேட்டார், நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறதே, அன்றைக்கே வந்திருந்தால் ஓடியாடிக்கொண்டிருந்திருப்பாரே என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்து இவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார். அதைக் காதால் கேட்ட இவரே இப்போது டி.வி. பார்க்கும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். முகம் மழிக்கும்போது தாடையில் வெட்டு, பிளேடு மட்டம் என்கிறார். காஸ் சிலிண்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டுமா, நீ போடு, என் கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. கண்ணாடி நெற்றியில் இருக்கும். பாவம் அந்தக் கண்ணாடி, செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதுதான் ஜெயிலுக்குப் போகிறது. இன்றைக்குக் கவரில் பேர் எழுதுவதும் அவள்தான், அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், அவளுடைய கோணல் எழுத்தில், அச்சு மாதிரி எழுதுகிற மனிதர் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"எழுது. திருவிதாங்கூர். வெள்ளிச் சக்கரம்." எழுதினாள். அவர் விரல் தட்டுக்குள் போனது. சக்கரம் என்றால் பேர்தான் பெரிது, ஆள் உளுந்துக்குக் கொஞ்சம் அண்ணன். நல்ல காலத்திலேயே அதை விளிம்பில் பிடிப்பதற்கு மூச்சை அடக்கிக்கொள்வார். விரல் குழிக்குள் இறங்கியது, கம்பளியைத் தொட்டது, நழுவியது, மறுபடி இறங்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் சன்ஷேடிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே அவள் காகிதத்தை நீவினாள். கம்பளிதான் காரணம், நான் வைத்த கம்பளிதான், அவ்வளவு சொன்னால் போதுமே. எதற்கு வைத்தேன் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அன்றைக்கே காரணம் சொல்லியாயிற்று, காசுக்குக் கீறல் விழாமல் இருக்கும் என்று. மாசி மாசத்தில் மப்ளரைத் துவைத்துக் காயப்போட்டு, பாட்டில் மூடியை வைத்து சாக்பீஸால் வட்டம் வட்டமாகக் கோடு கிழித்து வெட்டினாள், கத்தரிக்கோல் கம்பளியில் மாட்டி மாட்டி இழுத்தது, தைலம் வாசனை அடித்தது. அவர் வந்து பார்த்தார். "இது என் மப்ளர்தானே?" "ஆமா, பூச்சி அரிச்சிருச்சு. காசுக்கு அடியில வெச்சா மெத்து மெத்துன்னு இருக்கும், கீறல் விழாதுல்ல." அவர் முகம் மலர்ந்ததே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது. தட்டுத் தட்டாக எடுத்துவந்து, ஒவ்வொரு காசாகத் தூக்கிப் பிடித்தார், அவள் அடியில் வட்டத்தைப் போட்டாள், அவர் வைத்தார். சாயங்காலம் வரைக்கும் இருவரும் அதையே செய்தார்கள். "பரவால்லியே, கடைசில உனக்கும் இந்தக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று எத்தனை தரம் சொன்னார். காஜா பாயிடம் போனில் பெருமை வேறு அடித்துக்கொண்டார், எம் பொண்டாட்டி மெத்தை தைச்சுக் குடுத்திருக்கா என்று. என்ன மெத்தை என்று பாய் அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார், சத்தமே இல்லை. அவள் அடுக்களையில் நின்றுகொண்டு அந்தச் சத்தமில்லாததைக் கேட்டாள், காந்திமார்க்கெட்டையே விலைக்கு வாங்கிவிட்டவள் மாதிரி இருந்தது.

ஆகவே கம்பளி என்று மட்டும் சொன்னால் போதும். அவர் திட்டப் போவதில்லை, நல்லதுக்குத்தானே வைத்தாய் என்பார். காசு வீட்டிலேயே இருக்கும், பாய் டீ குடித்துவிட்டுப் போவார். பழி கையைவிட்டுக் கம்பளிக்குப் போகும். கை? கை தொடைக்கு அடியில் போய்விடும். அதற்கு அடுத்தது பந்தி, அதற்கு அடுத்தது கோயில், அதற்கு அடுத்தது கதவு. தட்டை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும். வைத்துவிட்டு வருகிற கால்கள் அவளுடையவையாக இருக்கும். கூடாது. ஆனால் சொன்னால் மட்டும்? இத்தனை மாசமாக மறைக்கிறாரே, மனுஷருக்கு என்று ஒரு மானம் இருக்காதா, அதைப் போய்ப் பிடுங்கி, எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னால், அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டால்? அண்ணி அப்படித்தான் ஒரு நாள் நடுக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால், என் வீட்டுக்காரருக்கு நானே ஊட்டிவிடுகிறேன் என்று சொன்னாள், அன்றைக்கு மாடி ஏறியவர்தான். அண்ணியும் ஆசையாகத்தான் சொன்னாள். ஆசையாகச் சொன்னதுதான் வினை. ஆசையாக வைத்த கம்பளிதான் கறுப்பு. அவள் மடித்த கவர் கோணலாகப் போயிருந்தது, பிரித்தாள், மறுபடி அதே மடிப்பில் மடித்தாள், காகிதத்துக்கு ஏற்கெனவே மடிந்த ஞாபகம் இருந்தது, அதே கோணலில்தான் மடிந்தது. ஈஸ்வரா, எப்படிச் சொல்வது.

டிங் என்றுகூட இல்லை, அதில் பாதி. சக்கரம் துண்டுக்கு வெளியே மேசை ஓரத்தில் பட்டுத் தரைக்குப் போய்விட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ உக்காரு," என்று அவர் அதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கிவிட்டார். மேசைக்கு அடியில் அவருடைய நரைத்த தலையும் பனியன் முதுகும் தெரிந்தன. மொசைக் தரை, கறுத்த சக்கரம், தரையில் இருக்கிற கறுப்புப் புள்ளிகளில் அது எந்தப் புள்ளி? அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அவளுடைய கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அவரும் பார்த்துவிட்டார். கை வந்தது. விரல்கள் அதைச் சுற்றி மூடின, திறந்தால் ஒன்றும் இல்லை. மறுபடி. நகம் தரையில் டொக் டொக் டொக் என்று தானாக அடித்துக்கொண்டது, சக்கரம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து போயிற்று, அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டு முயன்றார். அவளுக்கு மேலிருந்து எல்லாம் தெரிந்தது. அந்தப் பின்னங்கழுத்தின் மேல் அவளுக்கு வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. "இந்தக் கண்ணாடி இருக்கே…" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க," என்றாள் குங்குமவல்லி. "காசு கறுத்தது உங்க கையால இல்லைங்க. கம்பளியால. பாய் சொன்னாரு. நீங்க குளிக்கப் போனப்ப போன் பண்ணாரு. நான் வெச்சேன்ல, அந்த மப்ளராலதான்."

அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு நிம்மதி ஓடிப் பரவியதை அவள் பார்த்தாள், கையால் இல்லை என்றதும் வந்த நிம்மதி. "கம்பளியா," என்றார். "அடடா, கந்தகம். எனக்கே தோணிருக்கணும். சரி, விடு. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டிருக்க? கீறல் விழக் கூடாதுன்னுதானே வெச்ச. நல்லதுக்குத்தானே."

அவரே கதவைத் திறந்து வழி விடுகிறார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் தீர்ந்தது. ஆட்டத்தான் போனாள்.

"இல்லைங்க," என்றாள். "சத்தம் கேக்கக் கூடாதுன்னு வெச்சேன்."

"என்ன சத்தம்?"

"நீங்க தட்டத் தூக்கிட்டு வரப்ப காசெல்லாம் ஆடுற சத்தம்."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி. இப்போது தொடைக்கு அடியில் போய்விடும், இதோ போய்விடும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. இடது கை பிடியை விட்டது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அது பாட்டுக்கு அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"தை மாசத்துலேர்ந்து. பொங்கல் கழிச்சு."

"தை," என்றார். மனசுக்குள் மாசங்களை நகர்த்திப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. "எனக்கே பங்குனியிலதான்டி தெரியும். மொய்க் கவர்ல பேர் எழுதப் போயி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, இந்த நேரத்தில் வரலாமா, வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தின கை நனைந்தது, அப்போதுதான் தான் அழுவது தெரிந்தது. "ஒரு மாசம் முன்னாடியே சத்தத்த அமுக்கிப்புட்ட. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்," என்றார் அவர், என்றவருக்கும் தோள் குலுங்கியது, சிரிப்புதான், பிறகு அது நின்றது. தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் மாதிரி ஆயிருவனோன்னு பயமா இருக்கு வல்லி," என்றார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு." அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள், முழங்கால் முழங்காலில் இடித்தது. "அவரு கதவச் சாத்திக்கிட்டாரு. நீங்க சாத்திக்கக் கூடாது. நான் ஊட்டி விடறேன் கீட்டி விடறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டப் போறோம். அவ்வளவுதான்."

"பாய் வருவாரே, காசெல்லாம்…"

"வந்தா டீ குடிச்சிட்டுப் போகட்டும். கறுத்த காசுக்கு என்ன பண்ணலாம்னு யோசன சொல்லிட்டுப் போகட்டும். காசு எங்கயும் போகாது."

தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், அவளைக் கூப்பிடவேண்டும் என்று வல்லிக்கு ஒரு நினைப்பு வந்தது, வந்து தானாகப் போய்விட்டது. பிறகு அவர் தரையில் கிடந்த சக்கரத்தை மோவாயால் காட்டினார். "எடு," என்றார்.

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? கையத் தொடச்சுக்க. வெளிம்பப் புடி. மூஞ்சியில படாம."

குங்குமவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள், இன்னொரு தரம் துடைத்தாள், துடைத்தது போதுமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்தாள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட காசு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு சின்னது, அதற்குள் நெஞ்சு அடிக்கிற அடி விரல்நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஐயோ, கை ஆடுதுங்க."

"ஆடட்டும்," என்றார் தாயுமானவன். உள்ளங்கையை அவள் விரலுக்கு அடியில் விரித்து நீட்டினார். "பழகிடும்."